அரைப் புள்ளித் தகராறு

லிப்ட் மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசிப்பார். அந்த வாயால் மச்சானோடு இருந்திருக்க வேண்டிய நாலைந்து வருஷத்தைத் தொலைத்தார்.

மச்சான், மனைவியின் அண்ணன், சலூன் வைத்திருந்தார். சலூனுக்கு விடுமுறையான திங்கட்கிழமை மாலைகளில் மெக்கானிக் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் கோ ஆட உட்காருவார்கள். கட்டம் போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய் வைத்து, யார் அதிக இடம் வளைக்கிறார் என்று பார்க்கிற ஆட்டம். "ரெண்டு பேரும் பலகையிலேயே வீடு கட்டிக் குடியேறிடுங்க" என்பாள் மனைவி.

மெக்கானிக் ஆட்டம் கற்றது கூட வேலை பார்த்தவர்களிடம். வளைத்த காலி இடத்தையும் பிடித்த காய்களையும் எண்ணுவது அவர் கணக்கு. மச்சான் கற்றது கம்ப்யூட்டரில். காலி இடத்தோடு பலகையில் பிழைத்து நிற்கும் தன் காய்களையும் சேர்த்து எண்ணுவது அவர் கணக்கு. எப்படி எண்ணினாலும் அநேகமாக ஒரே ஆள்தான் ஜெயிப்பார் என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு திங்கட்கிழமை வீடு நிறைய உறவுக்காரர்கள். ஆட்டக் கடைசியில் மெக்கானிக் "எனக்குப் போதும்" என்று கையை எடுத்துவிட்டார். மச்சான் மட்டும் ஒரு சந்தேகத்தில் தன் இடத்துக்குள்ளேயே இன்னொரு காய் வைத்தார். அவர் கணக்கில் அதனால் நஷ்டமில்லை; காலி இடம் போனாலும் காய் நிற்கிறதே. மெக்கானிக் கணக்கில் ஒரு புள்ளி போயிற்று. இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குத் தரும் சலுகைப் புள்ளிகளில் ஒரு அரைப் புள்ளி இருப்பதால் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெக்கானிக் கணக்கில் மெக்கானிக் அரைப் புள்ளி முன்னால்; மச்சான் கணக்கில் மச்சான்.

"எந்தக் கணக்குன்னு முன்னாடியே பேசியிருக்கணும் மாப்ள. வாங்க, இன்னொண்ணு போடுவோம்."

"தோத்தா தோத்தேன்னு ஒத்துக்கணும் மச்சான். இதுக்குப் பேரு ஏமாத்து வேலை."

உறவுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் காய்களைப் பிரித்துக் கிண்ணங்களில் போட்டார். தங்கையிடம் "வர்றேம்மா" என்றார். அப்புறம் வரவேயில்லை.

"போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள்.

"அவரு வரட்டும்."

நாலைந்து வருஷம் கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஒருநாள் மனைவி அழுதபடி வந்தாள். அண்ணனுக்குக் கை நடுக்கமாம், கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் சலூனை மூடிவிட்டாராம். மெக்கானிக் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"வாங்க மாப்ள" என்று மச்சானே கதவைத் திறந்தார், போன வாரம்தான் பார்த்த மாதிரி.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு மச்சான்."

"அட விடுங்க. காயை எடுங்க."

காய் அவர் விரலில் நிற்கவில்லை. அவர் இடம் காட்ட, இருவருக்கும் மெக்கானிக்கே வைத்தார். காட்டும் விரலும் ஆடியது.

"இங்கயா மச்சான், பக்கத்துலயா?"

"எங்க வேணாலும் வைங்க மாப்ள."

ஒவ்வொரு காய்க்கும் உயிரை விடுகிற மனுஷன் அவர். மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. பலகையைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார். பாதி ஆட்டத்திலேயே மச்சான் களைத்துச் சாய்ந்துவிட்டார்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள். "யாரு ஜெயிச்சா?"

"முடியலடி" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.