ஞோவின் மூச்சு

"பெண்டாட்டிய அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டான்னு இன்னொரு தரம் சொல்லு சேன் மியா, உன் வாசப்படியே மிதிக்க மாட்டேன்!"

நான் இப்படிக் கத்தியும் பக்கத்து வீட்டுக்காரி அடங்கவில்லை. "மாட்டு முன்னாடி உக்காந்து தியானம் பண்ணவன்தானே?" என்று சிரித்தாள்.

ஆமாம், உட்கார்ந்தான். அதில் என்ன தப்பு? என் மருமகன் யே லின் பகோ நகருக்குப் பேருந்து ஓட்டுகிறவன். போன வருஷம் முதல், ஓட்டும்போதே நெஞ்சு படபடக்கும். கை வேர்த்து வழுக்கும். நாற்பது பேரை நடுவழியில் நிறுத்திவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவான். மடத்துப் பெரிய பிக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கவனிக்கக் கவனிக்க இவனுக்கு இன்னும் முட்டியது. ஒருநாள், தொழுவத்தில் எங்கள் கிழ மாடு ஞோ படுத்து அசைபோடுவதைப் பார்த்தான். விலா மெல்ல ஏறும், இறங்கும். ஈ மொய்த்தால் காது ஒரு தரம் ஆடும். அவ்வளவுதான், ஈயோடு சண்டை கிடையாது. அதன் மூச்சோடு சேர்த்துத் தன் மூச்சை விட்டுப் பழகினான். தினமும் விடியலில் அரை மணி. "நல்ல குருதான் கெடச்சிருக்கார்" என்று பிக்குவே சிரித்தார். நான்கு மாதம் வண்டி ஒரு நாளும் நடுவழியில் நிற்கவில்லை.

அங்கேதான் நான் புகுந்தேன். குணமானவன் அப்படியே இருக்க வேண்டுமே என்று, புத்தர் பிறந்த காசோன் பௌர்ணமிக்கு, புண்ணியமாக ஓர் உயிரை விடுவிக்கலாம் என்றேன். எந்த உயிர் என்று கேட்டாள் மகள் ஸின்மார். ஞோவையே என்றேன். நோய் தீர்த்த மாட்டுக்கு அதைவிடப் பெரிய மரியாதை உண்டா? கழுத்தில் யே லின் பெயர் எழுதிய அட்டையைக் கட்டினோம். மடத்துக்கு ஓட்டிப்போய், தானம் நிறைவேற நீர் வார்த்து, சாது, சாது என்றோம். உயிர்தானத்தை அவன்தான் எப்படி வேண்டாம் என்பான்? மடத்தார் வழக்கப்படி, அறுப்புக்கு விற்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆற்றுத் தீவு உழவன் ஒருவனிடம் மாட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

பத்தே நாளில் படபடப்பு திரும்பியது. பிக்குவிடம் ஓடினேன்.

"குடுத்த தானத்தத் திரும்பக் கேக்கக் கூடாதும்மா. மாடு இல்லாமயே மூச்சப் பாக்கட்டும்" என்றார்.

காலித் தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்தான். முடியவில்லை. பேருந்து முதலாளியும் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, வைத்த மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தான்.

"எங்க மாப்பிள்ள?"

"தீவுக்கு அத்தை. அந்த உழவன்கிட்ட கூலிக்கு நிக்கப் போறேன்."

"எத்தன நாளு?"

"தெரியல."

"நான்தான்யா தப்புப் பண்ணிட்டேன்."

"புண்ணியம்தானே பண்ணீங்க அத்தை. அதான் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியல."

ஸின்மார் அவன் துணிப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் இழுக்கவில்லை; அவளாக விடும்வரை நின்றான். விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.