ருக்குமணியின் முதுகு

பாஞ்சாலை வளர்த்துவிட்ட பிள்ளைகளில் அழாத பிள்ளை என்று ஒன்றுகூடக் கிடையாது. தாய்மார் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேறும் நேரத்தில், பிள்ளைகளை அவளிடம் விட்டுப்போகும் தோட்டத்து ஆயாக்கொட்டகை இழவு வீடு போலத்தான் இருக்கும். கையில் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தால் ஓய்ந்துவிடும். ருக்குமணியின் மகள் சாரதா மட்டும் வேறு ரகம். மூன்று வயதுதான். பிஸ்கட்டைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடருவாள்.

அந்தக் குரல் மலைவரைக்கும் கேட்கும். கேட்டால் ருக்குமணிக்குக் கை ஓடாது. கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்துவிடுவாள். மாடசாமி கங்காணி பொறுத்துப் பார்த்தார். பிறகு கொட்டகை வாசலுக்கே வந்து பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி வேலை நேரத்துல ருக்குமணி செடி நிரைய விட்டு எறங்குச்சின்னா பேர வெட்டிருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

ருக்குமணியின் புருஷன் திரிங்காப் ஊர்க் காய்கறி லாரியில் ஓடுகிறவன். தோட்டத்தில் பேர் இருப்பது அவளுக்கு மட்டும்தான். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இது 1978இல் நடந்தது. அன்றைக்கு எல்லாத் தோட்டத்திலும் அதுதான் சட்டம்.

பாஞ்சாலைக்கு இது மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. ஒரு பொடிசை அடக்கத் தெரியாத ஆயா என்று எவளாவது சொல்லிவிட்டால்? கோயில் திருவிழாவுக்குத் தட்டி எழுதுகிறவர்களிடம் சண்டை போட்டுத் தூரிகையைப் பிடுங்கியவள் அவள். படம் போட்டே பிள்ளையை அடக்குவது என்று முடிவெடுத்தாள். சும்மா படமில்லை, நகருகிற படம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் தங்கராஜுவிடம் போய்ப் பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்டாள்.

"எலும்புப் படத்த வெச்சு என்னா செய்யப் போற?"

"கழுவிட்டு அதுல ருக்குமணிய நடக்க விடப் போறேன்லா, டிரெஸ்ஸரையா."

அவளுக்குக் காய்ச்சல் பார்க்கலாமா என்று டிரெஸ்ஸர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒரு கட்டுப் படங்களை எடுத்துக் கொடுத்தார்.

வெளுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டதும் எலும்பெல்லாம் கரைந்து, கண்ணாடி போன்ற தாள்கள் மிஞ்சின. ஒரு தாளில் தூரத்து மலை. ஒன்றில் தேயிலைச் செடிகள். ஒன்றில் ருக்குமணி. எல்லாவற்றுக்கும் முன்னால் வெள்ளைச் சாயம் தீற்றிய பனித் தாள். ஒரு தேயிலைப் பெட்டியின் முன்னும் பின்னும் வெட்டி, தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். மலை அசையாது. மற்றவற்றைப் பக்கவாட்டில் தனித்தனியாக இழுக்கலாம்.

படத்தில் வரப்போவது தான்தான் என்று தெரிந்ததும் ருக்குமணி ஒரே பிடியாக நின்றாள். தீபாவளிச் சேலை, தலை நிறையப் பூ, அதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ளவில்லை. பாஞ்சாலையும் அப்படியே வரைந்தாள்.

சாரதா பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா வேலைக்குப் போகல. பிரிஞ்சாங் பசாருக்குப் போறாங்க. என்னைய விட்டுட்டுப் போறாங்க."

அன்றைக்கு அழுத அழுகைக்கு முந்தைய நாளெல்லாம் ஒத்திகை. தங்கள் அம்மாக்களும் கூடவே பசாருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. ருக்குமணி தலைதெறிக்க ஓடிவந்தாள். நல்லவேளை, கங்காணி கொழுந்து லாரியோடு ஆலைக்குப் போயிருந்தார்.

"தெனமும் காலையில அவ ஒன்னை எப்படிப் பாக்குறாளோ அப்படித்தான் வரையணும்" என்றாள் பாஞ்சாலை.

"புருஷனோட கிழிஞ்ச சட்டையும் இடுப்புல சுத்துன பிளாஸ்டிக்குமாவா? ஏன்க்கா, என் மானத்த வாங்குற?" ருக்குமணி முறைத்தாலும் கடைசியில் விட்டுக்கொடுத்தாள். "சரி, மூக்குத்தி மட்டும் பளிச்சுன்னு தெரியணும்."

"தெரியும், தெரியும்."

முதுகைத்தான் வரையப் போகிறாள் என்பதைப் பாஞ்சாலை அப்போது சொல்லவில்லை.

மறுநாள் சட்டையும் கூடையுமாக அம்மாவின் முதுகு பெட்டிக்குள் நகர்ந்தது. சாரதா அழவில்லை. ஆனால் கேட்டாள்:

"ஆயா, அம்மா லாரியிலயா போறாங்க?"

பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. வழவழவென்று இழுத்தால் யார்தான் நடப்பது போலிருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்தினாள். கையைத் தனியாக வெட்டி, சட்டையின் அழுத்து பட்டனால் தோளில் பொருத்தினாள். இப்போது படத்து ருக்குமணி ஒவ்வொரு செடியிலும் நின்று, பறித்து, தோளுக்குப் பின்னால் கூடையில் போட்டாள். பின்னாலிருந்த செடிகளைச் சற்று மெதுவாக நகர்த்தினால் மலையே திறந்துகொள்வது போலிருந்தது.

பிறகு பனித் தாளை இழுத்தாள். அம்மா மறைந்தாள். சாரதாவின் உதடு பிதுங்கியது. பாஞ்சாலை சட்டென்று பனியை விலக்கினாள். அம்மா அங்கேதான் நின்றாள், ஒரு செடி தள்ளி.

"இருக்காங்க" என்றாள் சாரதா. அன்று முழுக்கப் பனித் தாளை அவள் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை.

கொட்டகை அமைதியானது. கங்காணிக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பாஞ்சாலை தலை நிமிர்ந்து நடந்தாள். மலையில் ருக்குமணிக்குத்தான் வேலை ஓடவில்லை. அழுகை கேட்டபோதாவது பிள்ளை தன்னைத் தேடுகிறது என்று தெரிந்தது. இந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும், சோற்றை அவிழ்க்காமல் இறங்கி வந்தாள்.

"சாரதா" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள்.

பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்த மகள் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. அம்மா வேல செய்றாங்க."

"நான்தான்டி ஒங்கம்மா."

சாரதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒக்காருங்க. இப்ப பனி போயிரும். அம்மா வந்துருவாங்க."

பாஞ்சாலைக்குச் சிரிப்பு முட்டியது. ருக்குமணியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாரதா அவள் மடியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பெட்டிக்குள் அம்மா வருவதற்காகக் காத்திருந்தாள்.