முந்நூறு ஓநாய்கள்

கலாவதி மடித்த துண்டைத் தலையணைமேல் போட்டு, அதன்மேல் கேம் கண்ட்ரோலரைக் கிடத்தி, பருத்திப் பட்டையால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள். பிறகு விமல்ராஜின் வலது கையைத் தூக்கி அதில் பொருத்தினாள். அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே அசையும். மற்ற விரல்களும் இடது கையும் போன தீபாவளியோடு நின்றுவிட்டன.

"இன்னும் கொஞ்சம் மேலக்கா."

"மேல வெச்சா மணிக்கட்டு தொங்கும். இருக்கட்டும்பா."

விமல்ராஜுக்கு முப்பத்தொரு வயது. சின்ன காஞ்சிபுரத்தில் சேலை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவன். தசைகள் வலுவிழக்கும் நோய் முதலில் கால்களை எடுத்தது, பிறகு கைகளை. அவனாக அசைக்கும்வரை விரல்கள் இருக்கும், விட்டுவிட்டால் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவான். விளையாட்டென்றால் இரண்டு மணி நேரம் அசைப்பான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் கலாவதி. ஓரிக்கையிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவாள். அந்த விளையாட்டை அவள் மருந்து வேளையைப் போலவே தவறாமல் நடத்தினாள்.

"முன்னாடி ஒண்ணு ஆடினியே, அது இன்னாச்சு?"

"அது போஸ்ட்மேன் வேலக்கா. எவனைப் பார்த்தாலும் பத்து மூலிகை பறிச்சுக்கினு வான்னுவான். குடுத்தா தேங்க்ஸ்னுவான். அதுக்கப்புறம் என்னை யாருன்னே தெரியாது அவனுக்கு."

"இதுல தெரியுமா?"

"இதுல ஓடக்காரன்கிட்ட ஒரு பொய் சொன்னேன். நாலு மாசம் கழிச்சு அவன் தம்பி என்னைப் படகுல ஏத்த மாட்டேன்னுட்டான். நான் செஞ்சது அப்படியே நிக்குதுக்கா. அதான் ருசி."

எடுத்த முடிவை அழித்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும் வசதியையும் அவனே முதல் நாளில் நிறுத்தி வைத்திருந்தான்.

எட்டு மாத ஆட்டத்தில் மூன்று வாரமாக ஒரு பாலத்தில் நின்றான். கோடரிக்காரன் ஒருவன் காவல். விமல்ராஜின் கட்டைவிரல் அரை நொடி பிந்தும். அந்த அரை நொடிக்குள் கோடரி இறங்கிவிடும். பாலத்தில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தான். மழை வரும்வரை காத்திருந்து பார்த்தான். காவலனுக்கு உயிர் ஒரு கோடளவு மிச்சமிருக்கும்போது இவன் அடிபட்டு ஆற்றங்கரையில் போய் விழுவான், அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மறுநாள் இட்லியை மென்றபடி, "இன்னைக்கு அவன் இடது பக்கமா போய்ப் பார்க்கணும்" என்பான்.

கலாவதியின் கண்ணுக்கு அவன் விழுவதுதான் தெரிந்தது. காட்டிலிருக்கும் ஓநாய்களைக் கொன்றால் பலம் ஏறும் என்று அவனே ஒருமுறை சொன்னான்.

"அப்ப கொல்லேன்பா."

"நூறு ஓநாயும் ஒரே ஓநாய்தான்க்கா. தூக்கம்தான் வரும்."

கலாவதி பிறந்த வீட்டில் தறி இருந்தது. அப்பா தறிக்குழியில் இறங்கிவிட்டால் அவரை எழ விடமாட்டார்கள். அவளும் அம்மாவும் குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிச் சுற்றி அவர் கைக்கு எட்டும்படி வைப்பார்கள். சலிப்பான வேலை வீட்டாருக்கு, நெய்வது அவருக்கு. ஓநாய் வேலையையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆறு நாள், மதியம் அவன் தூங்கும் நேரத்தில், சத்தத்தை நிறுத்திவிட்டு அவன் ஆட்டத்திலேயே ஓநாய் அடித்தாள். ஒரே பொத்தான்தான். முந்நூறு தாண்டியது.

விமல்ராஜின் அம்மா காந்தா எட்டிப் பார்த்தாள். "அவன் ஒருத்தன் பத்தலைன்னு நீயுமா?"

"சும்மா இருங்கக்கா. தார் சுத்திக்கினு இருக்கிறேன்."

அந்த வாரம் வேறு வழி தேடி ஆற்றோரம் சுற்றிக்கொண்டிருந்த விமல்ராஜ், ஏழாம் நாள் மாலை மறுபடி பாலத்துக்குப் போனான். கோடரி அவன் தோளில் இறங்கியது, ஒன்றும் ஆகவில்லை. அவன் ஒருமுறை அழுத்தினான். காவலன் விழுந்தான்.

கலாவதி அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவன் அக்கரைக்குப் போனான். அங்கே வந்த ஐந்து பேரும் ஒவ்வோர் அடியில் விழுந்தார்கள்.

"யாருக்கா தொட்டது?"

"நான்தான்பா. உனக்குப் புடிக்காத வேலைன்னு நானே செஞ்சு வெச்சேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். "இனிமே யாரும் என்னை அடிக்க முடியாதுக்கா. அடிக்க முடியாதவன் இன்னாத்துக்கு யோசிக்கணும்? சோறு ஊட்டுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, எல்லாம் நீங்க செய்றீங்க. இது ஒண்ணுதான் நான் செஞ்சுக்கினு இருந்தேன்."

"கழிச்சுவிட முடியாதா அந்த ஓநாயெல்லாம்?"

"முடியாது."

"அப்ப மொதல்லேருந்து ஆரம்பிப்பா. நான் கை வெக்கவே மாட்டேன்."

"மொதல் ஊரைத் தாண்டவே ரெண்டு கையும் வேணும்கா. எட்டு மாசத்துக்கு முன்னாடி இருந்துச்சு. ஆஃப் பண்ணிடு."

அவள் அணைத்தாள். இருபது வருஷ வேலையில் மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை, படுக்கைப்புண் வரவிட்டதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தாள். உடம்பைத் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். கண்ட்ரோலரை எடுத்து வந்தாள். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். ரப்பர் பந்தை வைத்தாள். அது உள்ளங்கையிலிருந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கட்டைவிரலைப் பிடித்துத் தானே பத்து முறை மடக்கி நீட்டினாள். பிறகு ஆள்காட்டி விரலை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.