வயிற்றுப் பையும் தாய்மாமன் மடியும்

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்பதில்லை. மாமன் என்று ஒருவன் இருந்தால் அவன் மடிதான். அதனால் தங்கை போனில் இழுத்து இழுத்துப் பேசியபோது எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

“அண்ணே, நீ வந்து நின்னாலே போதும்ண்ணே. மடியில சித்தப்பா மகன் வச்சுக்கிரட்டும். ஒனக்கு எதுக்குச் சிரமம்?”

“எனக்கு என்ன சிரமம்?”

“புள்ள ஒதைக்கும்ல…” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாமியார் சொல்றாகண்ணே. கோயில் காரியம், அத வச்சுக்கிட்டு எப்படின்னு” என்றாள்.

‘அது’. என் வயிற்றில் இருப்பதற்கு எங்கள் சொந்தபந்தம் வைத்திருக்கும் பெயர் அதுதான். பேரைச் சொன்னால் தங்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது.

நான் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை செய்து அந்த இடத்தை எடுத்துவிட்டு, குடலின் நுனியை வயிற்றின் இடதுபக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். மலம் அந்த வழியாக வந்து, மேலே ஒட்டியிருக்கும் ஒரு பையில் சேரும். சேர்ந்ததும் கழிவறையில் காலி செய்ய வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. ஒழுங்காக ஒட்டினால் கசியாது, நாறாது. குன்றாண்டார்கோவில் போகும் சாலையில் இருக்கும் என் மோட்டார் பட்டறையில் இன்றைக்கும் நான்தான் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். கனமான மோட்டாரைத் தனியாகத் தூக்குவதை மட்டும் விட்டுவிட்டேன்.

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த பைக்குக் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். புதுக்கோட்டையில் நான் பை வாங்கும் மருந்துக்கடையில், கேட்காமலேயே செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, திருட்டுச் சாமான் மாதிரி நீட்டுகிறார்கள். பெண்களுக்கு நாப்கினை அப்படித்தான் தருகிறார்கள். அதைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றவன்தான் நானும். என் தலையில் விடிந்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. ஒருநாள் கவரைக் கடையிலேயே வைத்துவிட்டு, பை அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். யாரும் மயங்கி விழவில்லை.

தங்கையிடம் போனில் அதிகம் பேசவில்லை. “வாரேன்” என்று மட்டும் சொன்னேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் காயிலைக் கட்டிக்கொண்டே மனதுக்குள் சண்டை போட்டேன். எல்லார் வயிற்றிலும் இருப்பதுதானே என் வயிற்றிலும் இருக்கிறது? எனக்காவது அது மூடிய பையில் இருக்கிறது, காலையில் சுத்தம் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். தீட்டுப் பார்க்கிறவர்கள் தங்கள் குடலை எங்கே கழற்றி வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போகிறார்களாம்?

விராலிமலை அடிவாரத்தில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். காது குத்தும் ஆசாரி பாயை விரித்து, “தாய்மாமன் ஒக்காருங்க” என்றார். புது வேட்டி கட்டியிருந்த சித்தப்பா மகன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவன் மேல் குற்றமில்லை. அவன் யோசித்து முடிப்பதற்குள் நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தங்கையின் மாமியார் முன்னால் வந்தார். “தம்பி, புள்ள ஒதைச்சிருச்சுன்னா ஒங்களுக்குத்தான் கஷ்டம்.”

“எனக்காகச் சொல்றீங்களா, சாமிக்காகச் சொல்றீங்களா அத்தை?”

எனக்கு அடக்க முடியவில்லை. சட்டையைத் தூக்கினேன். “இதத்தான பேர் சொல்லாமப் பேசிக்கிட்டிருக்கீங்க? நல்லாப் பாத்துக்கங்க. இது இல்லாட்டி நான் செத்து ரெண்டு வருசம் ஆயிருக்கும். அப்ப என் போட்டோவையா மடியில வைப்பீங்க?”

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். தங்கை வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

பையில் படாமல் வலது தொடையில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் அவள் கத்தின கத்தும், உதைத்த உதையும் சொல்லி முடியாது. பை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது மாமியார் தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாரானேன்.

“நல்லாச் சாப்புட முடியுதா தம்பி?”

“பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க.”

“தூங்குறது, வெளியூரு போறது?”

“எல்லாம் முடியுது. ஒங்க கோயில் காரியத்துக்கே வந்துட்டேன்ல.”

குத்தலாகத்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்க அண்ணனுக்கும் இதத்தான் செய்யணும்னாக டாக்டரு. பையக் கட்டிக்கிட்டு எப்படி நாலு பேரு முன்னாடி போயி நிக்கிறதுன்னு அண்ணன் முடியாதுன்னுருச்சு. நாங்களும் அசிங்கம் வேணாம்னு விட்டுட்டோம்.” தூரத்தில் இலைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த தன் மகனைக் காட்டினார். “இவனுக்குக் காது குத்துறப்ப அண்ணன் மடியிலதான் ஒக்காந்திருந்தான்.”

இத்தனை நாள் இவர் மேல் நான் வைத்திருந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஒரு மனிதர் கூச்சத்தில் செத்திருக்கிறார். குடும்பமே கூடி அதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறது.

“இம்புட்டுத்தான்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையே தம்பி” என்றார். பிறகு, “அன்னைக்குச் செஞ்சிருந்தா அண்ணன் இருந்திருக்கும்ல?” என்று கேட்டார்.

“இருந்திருக்கலாம் அத்தை.”

சமாதானத்துக்காகப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அழவில்லை. என் சட்டையின் இடதுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் சரியாப் பாக்கல. இன்னொருக்கக் காட்டுங்க தம்பி.”

வலது கையில் பாயசம் ஒட்டியிருந்தது. இலையை விட்டு எழாமல், இடது கையால் சட்டையைத் தூக்கினேன்.