தள்ளிவை என்றொரு பொத்தான்

அலுவலகத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர். கோர்ட் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை. கணினி விளையாட்டு செய்கிற சின்னக் கம்பெனி அது. நாற்காலி மேஜை விற்கிற கடைக்கு மேல் மாடியில், திறக்கவே திறக்காத ஜன்னல்களோடு ஒரே நீள அறை. அங்கே உருவாகிக்கொண்டிருந்த விளையாட்டில் ஆடுகிறவர்தான் ராஜா. கோட்டை கட்டலாம், தானியம் சேர்க்கலாம், பக்கத்து நாட்டோடு மல்லுக்கு நிற்கலாம். கோட்டைக்கு ஒருத்தர், படைக்கு ஒருத்தர் என்று வேலையைப் பிரித்தபோது, நீதி நியாயம் மட்டும் வேண்டாத பிள்ளையாக மிஞ்சியது. "அக்கா, உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று அதை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவளுடைய வேலை விதிகளை எழுதுவது. இது நடந்தால் அது நடக்கும், அது நடந்தால் இவருக்குக் கோபம் வரும், இப்படி. அதை ஓடவைப்பது புரோகிராமர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி இதை எழுதுவதில் வெளியாட்களுக்கு ஆச்சரியம் உண்டு. அவளுக்கு இல்லை. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவளுக்கு, யார் என்ன செய்தால் யார் முகம் எப்படிப் போகும் என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

நீதிக்கு அவள் செய்த ஏற்பாடு எளிமையானது. இரண்டு குடியானவர்கள் ஒரு மாவு ஆலை தனக்குத்தான் என்று அரண்மனை முற்றத்துக்கு வருவார்கள். ராஜாவுக்கு மூன்று பொத்தான்கள். இவனுக்கு, அவனுக்கு, தள்ளிவை. தீர்ப்புச் சொன்னால் ஜெயித்தவன் விசுவாசியாவான், தோற்றவன் முறைத்துக்கொள்வான். தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்ற இடத்தில், வழக்கு முடியும்வரை இருவரும் ராஜாவுக்கு அனுசரணையாக இருப்பார்கள் என்று யோசிக்காமல் எழுதினாள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்று எழுதுவதுபோல.

விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிறவருக்கு ஓட்டை என்று பேர். எதைக் கொடுத்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே குழாய்ப் பக்கமிருந்து கத்தினார்.

"ஜட்ஜம்மா! உங்க ராஜாங்கத்துல தீர்ப்பே வேண்டாம் போலிருக்கே?"

"ஏன், என்ன ஆச்சு?"

"நான் ஒரு ராஜாவ இளசுலேருந்து கிழவனாகுற வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லல. எல்லாத்துக்கும் தள்ளிவை, தள்ளிவை. ரெண்டு கட்சியும் போட்டி போட்டுக்கிட்டு மூட்ட மூட்டையா கொண்டுவந்து கொட்டுது. என்னை மாதிரி நல்ல ராஜா உலகத்துலயே கிடையாதாம். உக்காந்த இடத்துல ராஜபோகம்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் தன் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சரி, இவ்வளவு காலம் எவனாவது நிப்பானா?" என்று ஓட்டை கேட்டார். "மனுஷன்னா போங்கடா நீங்களும் உங்க ஆலையும்னு கிளம்பிட மாட்டானா?"

"கிளம்ப மாட்டாங்க" என்றாள் அவள்.

பட்டென்று சொல்லிவிட்டாள். ஓட்டை கழுவின தட்டைத் துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "சும்மா சொன்னேன். சரி பண்ணிடறேன்" என்று அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது இரண்டும் சுட்டது.

அவள் வீட்டில் கீழே மூன்று அறை, மேலே மூன்று அறை. மேல்மாடி பூட்டியிருக்கும். சாவி மாமனாரிடம். மாமியார் இறந்துபோன வருடம் மாமனார், "மாடி யாருக்கு, கீழ யாருக்குன்னு நானே சொல்றேன். கொஞ்சம் பொறுங்க" என்று இரண்டு மகன்களிடமும் சொன்னார். அப்போது அவள் மகள் பால்பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது வெளியூர் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். மாமனார் இன்னும் சொல்லவில்லை. முன்னறை அவருக்கு, நடு அறை இவர்களுக்கு, பின்னறை கொழுந்தன் குடும்பத்துக்கு. மேலே வெயிலும் காற்றுமாக மூன்று அறை சும்மா கிடக்கின்றன. வாரம் ஒருமுறை அவர் சாவியைக் கொடுப்பார். மருமகள்கள் முறை வைத்துப் பெருக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வேடிக்கையாகப் பேசுவார், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். பெரிய மருமகளான இவள் காப்பி கொண்டுவந்தால் "பெரியவ கை தனி" என்பார். சின்னவள் துணி மடித்து வைத்தால் "சின்னவ மடிச்சா இஸ்திரியே வேண்டாம்" என்பார். அடுத்த நாள் காப்பியும் மடிப்பும் இன்னும் ஒருபடி நன்றாக இருக்கும்.

இப்போது அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு வாடகை வீடு காலியாகியிருந்தது. இரண்டே அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான், ஆனால் அந்தச் சுவரில் வெயில் விழுந்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றிருந்தாள் வீட்டுக்காரி.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். நிதானமானவர். தலையணை உறையை மாட்டிக்கொண்டே, பின்னறைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இப்பப் போய் கிளம்பினா இத்தனை வருஷம் இருந்ததுக்கு என்ன அர்த்தம்? மாடி நமக்குத்தான். அப்பா எங்கிட்ட சொல்லிட்டார்."

"எப்ப சொன்னார்?"

"தனியாத்தான் சொன்னார். வெளிய விடாதேன்னார். தம்பி மனசு கஷ்டப்படுமாம்."

அலுவலகத்தில் அவள் ஒரு புது விதி எழுதினாள். காத்திருந்து சலித்தவர் வழக்கை விட்டுவிட்டு ஊரை விட்டே போகலாம். புரோகிராமர் படித்துவிட்டு, "ஒருத்தர் போயிட்டா ஆலை யாருக்குக்கா?" என்றாள்.

"இருக்கறவருக்குத்தான். வேற யாருக்கு?"

இரண்டு நாள் கழித்து ஓட்டை வந்து அவள் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். "ஒருத்தனும் நகரலம்மா. எவன் போனாலும் மத்தவனுக்கு லாபம்னு ரெண்டு பேரும் முற்றத்துலயே வேரு விட்டுட்டாங்க. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கறான். கதவத் தொறந்து வச்ச ஜெயில் மாதிரி இருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். விரல் உயரத்துக்கு இரண்டு மனிதர்கள். ஒருவன் எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு மற்றவனும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரே அடுப்படியில் இத்தனை வருடம் இடித்துக்கொண்டதில், இருவருக்கும் அடுத்தவரின் முழங்கை எங்கே வரும் என்பது அத்துப்படி.

"உன் வீட்டுக்காரர்கிட்ட மாமா ஏதாவது தனியா சொல்லிருக்காரா?" என்று அவள் கேட்டாள்.

சின்னவளின் கத்தி நின்றது. "எதப் பத்தி?"

"மாடி."

"ஐயோ அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்களுக்குத்தான்னு சொல்லிருக்கார். பெரியவன் மனசு கஷ்டப்படும், வெளிய விடாதேன்னு..."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சின்னவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வெங்காயக் கண்ணீரா, சிரிப்பா என்று தெரியவில்லை. "அடப்பாவி மனுஷா" என்றாள் நடுவில், மாமனாரைத்தான்.

சிரிப்பு அடங்கியதும் பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். இரண்டு மகன்களும் அங்கேதான் செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, மாடி யாருக்குன்னு இன்னிக்குச் சொல்லிடுங்க. எங்களுக்கு இல்லேன்னாலும் பரவாயில்ல."

"ஏம்மா, இன்னிக்கு என்ன அவசரம்? நான் எங்கயாவது ஓடிப்போறேனா?" என்றார் அவர் சிரித்தபடி.

"நாங்க போறோம் மாமா. வாடகைக்கு வீடு பாத்திருக்கோம். மாடிய தம்பிக்கே குடுத்துடுங்க."

கணவர் தாளை இறக்கினார். கொழுந்தன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது முழுதாகப் பரவுவதற்குள் வாசற்படியில் நின்ற சின்னவள் அலறினாள்:

"அக்கா! நீங்க போயிட்டா இங்க எல்லாத்தையும் நான் ஒருத்தியேவா பாக்கணும்?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மாமனார் அதைக் கேட்காதவர்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவரும் பயப்படுகிறார் என்பது பெரிய மருமகளுக்கு அப்போதுதான் தோன்றியது. தீர்ப்புச் சொன்ன மறுநாள் அவருக்கு யார் காப்பி கொண்டுவருவார்கள்?

"அவசரப்படாதம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "மூத்தவனுக்குத்தான் மாடின்னு நான் மனசுல வச்சிருந்தேன்."

கொழுந்தன் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டான். கணவர் அவளைப் பார்த்த பார்வையில், கேட்டியா, நான் சொல்லலையா என்று எழுதியிருந்தது.

"அப்ப சாவியக் குடுங்க மாமா" என்றாள்.

"குடுக்கறேன். எங்கம்மா போகப்போகுது? அவன் கோவம் கொஞ்சம் ஆறட்டும்."

அன்று சாயங்காலம் கணவர் அவள் பின்னாலேயே சுற்றினார். "ஒரே ஒரு மாசம். எல்லார் முன்னாலயும் வாயால சொல்லிட்டார். இனிமே மாத்திப் பேச முடியாது. இப்பப் போனா நம்மள மாதிரி முட்டாள் உண்டா?" முட்டாள் ஆகிவிட வேண்டாமே என்று அவளுக்கும் தோன்றியதுதான் கொடுமை. வீட்டுக்காரிக்குக் கணவரே போன் செய்து இப்போதைக்கு வேண்டாம் என்றார். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாசம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பின்னறைக்காரன் பேசுவதில்லை. அதனாலேயே சாவிக்கு நேரம் வரவில்லை. மாமனார் சின்னவளின் மடிப்பை முன்னைவிட அதிகமாகப் புகழ்ந்தார்.

அலுவலகத்தில் அவள் இன்னொரு விதி எழுதிக் கொடுத்தாள். மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக் கிளம்புகிறவனிடம், உனக்குத்தான் என்று ராஜா ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் மூட்டையை இறக்கிவைத்துவிடுவான்.

ஓட்டை அதை ஆடிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கேருந்து பிடிக்கறீங்க இதெல்லாம்?" முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவரை செய்ததில் இதுதான் உருப்படி என்றார்.

புரோகிராமர்தான் ஒரு சந்தேகம் கேட்டாள். "அக்கா, இந்த வார்த்த ஒரே ஆள்கிட்ட எத்தன தடவ பலிக்கும்? கணக்கில்லாம விட்டுடவா?"

கீழ்க் கடையில் யாரோ ஒரு மேஜையைத் தரையோடு இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஒரே தடவ."

"அப்ப ராஜாவுக்குக் கஷ்டமாயிடுமேக்கா. அடுத்த தடவ தீர்ப்புச் சொல்லியே ஆகணும்."

"சொல்லட்டும். இல்லேன்னா அவன் போகட்டும்."

"போனா ஆலை போயிடுமே?"

"போனாப் போகுது. எழுது."

வேலை முடிந்ததும் பின்தெரு வழியாகப் போனாள். அந்த வீட்டு ஜன்னலில் வேறு யாருடைய துணியோ காய்ந்தது. வீட்டுக்காரி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே வேணும்னு சொல்லிருக்கலாமேம்மா. பக்கத்து வீடு வேணா பள்ளிக்கூட லீவு விட்டதும் காலியாகும். உங்க வீட்டுக்காரர் நம்பர் எங்கிட்ட இருக்கு, கூப்பிட்டுச் சொல்றேன்."

"அவருக்கு வேண்டாம்" என்றாள். "என் நம்பர எழுதிக்கோங்க. எனக்குப் பண்ணுங்க."

வீட்டுக்காரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பேனா எடுக்கப் போனாள். அவள் வாசலில் நின்றாள். வீட்டுக்குப் போகிற பஸ் தெருமுனையில் நின்று, கொஞ்சம் காத்திருந்து, போய்விட்டது.