ஓலை வாசிக்குமுன் ஒரு விசாரணை

மிஸஸ் ஹாட்லியின் இடது காலில் இறுக்கமான மருத்துவக் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தாள் மெற்றில்டா. காலுறையைக் குதிக்கால்வரை உள்புறமாகத் திருப்பி, விரல்களில் மாட்டி, சுருக்கம் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்க வேண்டும். ஒரு சுருக்கத்தை விட்டாலும் மாலைக்குள் தோல் சிவந்துவிடும். முதியோர் இல்லத்தின் யன்னலுக்கு வெளியே கிழக்கு லண்டனின் குட்மேய்ஸ் தெரு மழைத் தூறலில் பாதி கரைந்து கிடந்தது.

"இன்றைக்கு உன் மனம் இங்கே இல்லை," என்றாள் கிழவி.

"கை இங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு அது போதும்."

அவளுடைய மனம் வருகிற சனிக்கிழமையில் இருந்தது. அன்று காலைப் பூசைக்கு முன் ஃபாதரிடம் இரண்டு பெயர்களைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மறுநாள் தமிழ்ப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். மன்னார் மெற்றில்டாவுக்கும் பாசையூர் அருள்நேசனுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று மூன்று ஞாயிறுகள் கோயிலில் எல்லோரும் கேட்க வாசிக்கப்படும். அதன்பிறகு பின்வாங்குவது லேசான காரியம் அல்ல.

அது தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு. மெற்றில்டாவுக்கு நாற்பத்தொரு வயது. எண்பத்தைந்தில் இலங்கையிலிருந்து வந்து, குரோய்டன் அலுவலகத்தில் அகதி வரிசையில் நின்று, துணி தைத்து, பாத்திரம் கழுவி, பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து முதியோர் பராமரிப்புக்கு வந்தவள். கலியாணம் செய்யாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். மேரிறோஸ் அக்கா விடவில்லை. கோயில் பங்கில் பாதிக் கலியாணங்கள் அந்த அக்காவின் வாயால் நடந்தவை.

"பெடியன் தங்கம்," என்றாள் மேரிறோஸ்.

"நாப்பத்தைஞ்சு வயசிலை என்ன அக்கா பெடியன்?"

"கலியாணம் முடிக்காட்டில் பெடியன்தான். ஆஸ்பத்திரியிலை உடுப்புத் தோய்க்கிற லோண்டரியிலை நிரந்தர வேலை. மனோர் பார்க்கிலை அறை. வேறை என்ன வேணும் உமக்கு?"

அருள்நேசனை நாலைந்து தரம் சந்தித்தாள். அதிகம் பேசாத மனிதர். பேசினால் இடையில் நிறுத்தி, சொன்னது சரிதானா என்று தனக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்வார். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவரோடு பஸ்ஸின் மேல்தட்டில் முன்சீற்றில் உட்கார்ந்து போன ஒரு மாலையை அவள் பிறகு அடிக்கடி நினைத்தாள். மரக்கிளைகள் கண்ணாடியை உரசின. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சள் பூத்தன. பஸ் தண்ணீருக்குள் போவதுபோல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இப்படியே இறங்காமல் போனாலும் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் தோன்றுகிறவள் அல்ல அவள்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. லண்டனில் எங்கள் ஆட்கள் வந்து இரண்டு வருடத்தில் பழைய கார் ஒன்றாவது வாங்கிவிடுவார்கள். இவரிடம் கார் இல்லை. இரவல் காரைக்கூடத் தொடுவதில்லை. கேட்டால், "கண் சரியில்லை" என்பார். அதே மனிதர் தூறலுக்குள் தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்து, "எண்பத்தாறாம் நம்பர் வருகுது," என்று அவளுக்கு முன்னமே சொல்வார். வயதானவர்களின் கண்ணோடு தினமும் பழகுகிறவள் மெற்றில்டா. அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

கடையில் கண்ட ஒரு பெண், "அவர் ஏன் கார் ஓடுறேல்லை எண்டு கேட்டுப் பாத்தனீரோ?" என்று மட்டும் சொல்லிவிட்டு மரக்கறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் இங்கே கார் ஓடத் தடை போடுவார்கள் என்பது மெற்றில்டாவுக்குத் தெரியும். அவளுடைய அப்பா குடித்தவர். இனிக் குடிக்கமாட்டேன் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மாவிடம் சத்தியம் செய்தவர். அந்த வீட்டில் இன்னொரு முறை வாழ அவள் தயாரில்லை.

பங்கில் விசாரித்தாள். எல்லோரும் ஒரே மாதிரி, "நல்ல மனிசன்" என்றார்கள். ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் தன் பிள்ளைகளுக்கு வரும் என்று ஆளாளுக்குப் பயம். தடை அறிந்தவர் சொல்லுங்கள் என்று கோயிலில் மூன்று தரம் கேட்டாலும், அந்தப் பயத்தில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பாவத்துக்குப் பயப்படாத இடம் ஒன்றில்தான் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனாள். குடித்துவிட்டுக் கார் ஓடின வழக்கு ஒன்று இருந்ததா என்று கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "பதிவுகள் நாள்வாரியாக இருக்கின்றன. பெயரை வைத்துத் தேட முடியாது. தேதி தெரிந்தால் வாருங்கள். தெரியாவிட்டால் நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளைப் பாருங்கள். வழக்குகள் அதில் வரும்."

நூலகத்தில் பத்திரிகைகள் படச்சுருளாக இருந்தன. ஒரு பிடியைச் சுற்றினால் வெளிச்சத் திரையில் வாரங்கள் ஓடின. காலை ஷிப்ட் செய்த களைப்பில் அவளுக்குக் கண் சொருகியது. பனிக்காலம் வந்து போனது. பாடசாலைப் பிள்ளைகள் சிரித்தார்கள். விற்பனைக்கு வந்த வீடுகள் மிதந்து போயின. அவற்றுக்கு நடுவே நீதிமன்றப் பத்தி: யாரோ ஒருவர், இந்தத் தெரு, இவ்வளவு மதுவோடு கார் ஓட்டினார், இத்தனை மாதத் தடை. அந்நியர்களின் கெட்ட இரவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல், ஆற்றில் விட்ட இலைகள்போல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயரும் அவராக இருக்கக்கூடாது என்று அவள் பிடியைச் சுற்றினாள்.

புதன்கிழமையும் போனாள். அவர் இங்கிலாந்துக்கு வந்த எண்பத்தேழு முதல் தொண்ணூற்றிரண்டுவரை பார்த்து முடித்தாள். அருள்நேசன் இல்லை. வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ஈரத் தெருவெல்லாம் பொன் பூசியதுபோல் இருந்தது. தனக்காக ஒரு நீலச் சட்டைத்துணி வாங்கினாள்.

வியாழன் மாலை மேரிறோஸ் அக்கா இல்லத்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்ன, பெயர் குடுக்கிறதோ இல்லையோ?"

"குடுக்கலாம் அக்கா. இந்தப் பக்கம் எங்கையும் அவற்றை பேரிலை ஒரு வில்லங்கமும் இல்லை."

"இந்தப் பக்கம் எப்பிடி இருக்கும்? அவர் இந்தப் பக்கத்துக்கு வந்தது தொண்ணூறிலை. அதுக்கு முதல் குரோய்டன் பக்கம் பெற்றோல் செட்டிலை எல்லோ நிண்டவர்."

சொன்ன பிறகுதான், தேட வேண்டிய இடத்தைத் தானே காட்டிக்கொடுத்தது அக்காவுக்கு விளங்கியது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் குடையை விரிக்காமலே ஓடினாள்.

மெற்றில்டா படியில் உட்கார்ந்தாள். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைத் தேடுவதென்றால் அவருடைய வீடும் ஊரும்தான் கணக்கு. அவளும் வீட்டை வைத்தே தேடியிருந்தாள். ஆனால் ஆள் எங்கே இருக்கிறார் என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. பிடிபட்டது எந்த இடம் என்றுதான் பார்க்கும்.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு குரோய்டனுக்கு ரெயில் ஏறினாள். அந்த நூலகத்திலும் அதே வெளிச்சம், அதே பிடி, மிதந்து போகிற அதே வாரங்கள். எண்பத்தொன்பது மார்ச்சில் பிடி நின்றது. அருள்நேசன், பெற்றோல் நிலைய ஊழியர், அளவுக்கு மேல் மதுவோடு கார் ஓட்டி ஒரு வீட்டு மதிலை இடித்தார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், பதினெட்டு மாதத் தடை. மூன்று வரிதான். பக்கத்தில் பூக்கண்காட்சிப் படம் ஒன்று இருந்தது. அவள் அந்தப் பூக்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவர் வேலை முடிந்து வரும் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள்.

"குரோய்டனுக்குப் போட்டு வாறன்," என்றாள். "மதில் ஆருடையது?"

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். வழக்கம்போல் நிறுத்தி யோசித்தார். "ஒரு வெள்ளைக்காரக் கிழவன்ரை. பிறகு போய் நானே கல் அடுக்கிக் குடுத்தனான்."

"கண் சரியில்லை எண்டது?"

"பொய். வெக்கத்திலை சொன்னது. பிறகு மாத்த ஏலாமல் போட்டுது."

"மதிலடியிலை ஒரு பிள்ளை நிண்டிருந்தால்?"

"அதுதான் பிறகு தொடேல்லை."

"எதை? காரையோ, போத்திலையோ?"

"ரெண்டையும். தடை முடிஞ்சு லைசென்ஸ் திரும்பி வந்தது. அது மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது. நீர் நம்பினால் நம்பும்."

"வாயாலை சொன்னதை நம்பி என்ரை அம்மா ஒரு வாழ்க்கை முழுக்க வாழ்ந்தவ," என்றாள் மெற்றில்டா. "நாளைக்குச் சொல்லுறன்."

எண்பத்தாறு வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவர் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்.

குடிக்கிறவர்களை மெற்றில்டா நிறையப் பார்த்திருக்கிறாள், அவர்களைக் கழுவித் துடைத்திருக்கிறாள். மாலையில் அவர்கள் எதையும் மறைப்பார்கள், இனிமையாகப் பேசுவார்கள். காலையை மறைக்க முடியாது. காலையில் கை நடுங்கும், அறையில் சாராயம் மணக்கும்.

மறுநாள் விடிய வெள்ளனவே, சொல்லாமல் கொள்ளாமல் மனோர் பார்க்கில் இறங்கினாள். தெருவில் மூடுபனி பால்போல் நிறைந்திருந்தது. வீடுகள் நிலத்தில் நிற்கின்றனவா மிதக்கின்றனவா என்று தெரியவில்லை. மணியை அடித்தாள். அருள்நேசன் பெனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

"என்ன, செக்கிங்கோ?"

"ஓம். தள்ளி நில்லும்."

அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். அலுமாரியைத் திறந்தாள். கைகழுவும் தொட்டிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். சவர்க்காரம், வெங்காயம், பழைய பேப்பர். குப்பைவாளியையும் விடவில்லை.

"தலையணைக்குள்ளையும் பாரும்," என்றார் அவர், கொஞ்சம் கோபத்தோடு.

அவள் தலையணையை அமுக்கிப் பார்த்தாள்.

மேசையில் விரித்த கம்பளியின்மேல் ஒரு வெள்ளைச் சேர்ட் கிடந்தது. அவர் திரும்பிப் போய் அயன்பெட்டியை எடுத்தார். நீர் தெளித்துக் கொலருக்கு அழுத்தினார். ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்தது, பிறகு கலைந்தது. கொலரின் நுனி கூரான இடம், தையல் தெரிந்த கைக்கே பிசகும். அவருடைய கை ஒரு கோடு போட்டதுபோல் போய்த் திரும்பி வந்தது. மெற்றில்டா கிட்டப் போய் நின்று மற்றக் கொலரையும், இரண்டு கைமடிப்பையும், பொத்தான் பட்டியையும் முடியும்வரை பார்த்தாள். மூச்சில் தேத்தண்ணி மணம் மட்டும் இருந்தது.

"இனி எனக்கு ஒரு பொய் சொன்னால், நான் ஓலையும் பாக்கமாட்டன், ஊரும் பாக்கமாட்டன்."

"விளங்குது."

"சேர்ட்டைப் போடும். ஃபாதர் பூசைக்கு முன்னம்தான் பேர் எழுதுவார்."

அவர் போட்டுக்கொண்டார். அவள் அயனின் பிளக்கைக் கழற்றிவிட்டு வெளிக்கிட்டாள். இருவரும் பனிக்குள் நடந்து, எண்பத்தாறில் ஏறி, கோயிலுக்குப் போய்ப் பெயர்களைக் கொடுத்தார்கள்.