ரேடியோவும் அண்ணியும் நடத்திய மருந்துக் கம்பெனி

ரேடியோ என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் இரவு தூங்கும்போதுதான் நிற்கும், நடுவில் அணைக்கப் பொத்தான் கிடையாது என்று அவன் விளையாட்டாகச் சொல்லப்போக, அது வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பின்னாளில் பெரிய பெரிய டாக்டர்களின் வாய்வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. "ரேடியோன்னா கேக்கறதுக்கு ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்பாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "ஆயுசு முழுக்க உக்காந்து கேக்கற ஆள் இன்னும் பொறக்கலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

அந்த வாயால் அவளுக்குப் போன வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தபோது, இணைப்பு கேட்டவர்களிடம் அவளே பேசி முடித்துவிடுவாள். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை வீட்டில் யாரும் எடுப்பதே இல்லை. கடைசியில் அண்ணன் மனைவிதான் கை கொடுத்தாள். அண்ணி ஊரின் பெரிய மருந்துக் கடை ஒன்றில் மருந்தாளுநர். கடையின் பின்னறையில், வழுவழுப்பான கல்மேடைக்கு முன்னால் நின்று, டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் களிம்புகளையும் திரவங்களையும் கலந்து கொடுப்பது அவள் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் மருந்தை நிறுப்பதுபோலவே வார்த்தையையும் நிறுத்துத்தான் வெளியே விடுவாள். முன்பக்கம் ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, "என் நாத்தனார் இருக்கா. ஆனா பேசுவா" என்றாள். "வியாபாரத்துக்குப் பேசத்தானே வேணும்" என்று முதலாளி சிரித்தார். எவ்வளவு பேசுவாள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தால் வீடு ரெண்டாகும் என்று அக்கம்பக்கம் காத்திருந்தது. நடந்தது வேறு. இவள் பேசப் பேச அவள் வேலை ஓடியது. அவள் வேலை செய்யச் செய்ய இவளுக்குப் பேச விஷயம் கிடைத்தது. இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டதில் நொந்துபோனது அண்ணன்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவன். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாத்தான் எனக்கு மரியாதை. இப்ப என் பேச்சு எங்கே எடுபடுது?" என்று புலம்புவான்.

ஒருநாள் கடைக்கு ஓர் அம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் மாத்திரை அட்டை. குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும். அதற்கான மாத்திரை பெரியவர்களுக்கு மட்டும்தான் வருகிறது.

"இதுல சின்னது இல்லையாங்க? கத்தியால நறுக்கி, கரண்டியால பொடி பண்ணி, கண்ணளவுல குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் பயம்தான். கூடப் போச்சோ குறையப் போச்சோன்னு..."

ரேடியோ அந்த அம்மாவை அப்படியே பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணி முழுவதையும் கேட்டாள். டாக்டரிடம் தொலைபேசியில் பேசினாள். அவர் எழுதிக் கொடுத்தபடி, மாத்திரையின் மருந்தைப் பழவாசனைத் திரவமாக்கி, அளவுக் குழலோடு கொடுத்தாள். மறுவாரம் அந்த அம்மா இன்னும் இரண்டு அம்மாக்களோடு வந்தாள். அடுத்த மாதம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள்.

"அண்ணி, பெரிய கம்பெனிங்க ஏன் இதைச் செய்ய மாட்டேங்கறாங்க?"

"அவங்க லட்சம் பேருக்குச் செய்யறவங்க. இந்தக் குழந்தைங்க எல்லாரும் சேர்ந்தாலும் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துல உக்கார வச்சிடலாம்."

"அப்ப நாம அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் செய்வோம்" என்றாள் ரேடியோ.

கம்பெனி பிறந்தது அப்படித்தான். அண்ணனின் கார் கொட்டகைதான் முதல் அலுவலகம். கார் வெயிலுக்குப் போனது. கடை முதலாளியே பங்குதாரராகச் சேர்ந்தார். உரிமம் வாங்க ரேடியோ ஏறி இறங்காத படி இல்லை. மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து, சுவருக்கும் தரைக்கும் நடுவே தூசி தங்க மூலையே இல்லாதபடி வளைத்துப் பூசி, கலக்கும் தொட்டியும் நிரப்பும் இயந்திரமும் வைத்தார்கள். ஒரு மூலையில் சூடும் ஈரமுமாக ஓர் அலமாரி. மாதக்கணக்கில் மருந்துப் புட்டிகளை அதற்குள் வைத்துப் புழுங்கவிட்டு, கெட்டுப்போகிறதா என்று அண்ணி எடுத்தெடுத்துப் பார்ப்பாள். "எங்க அண்ணி மருந்துக்கு வயசாக்கறாங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் ரேடியோ காட்டுவாள்.

விற்கிற வேலை ரேடியோவுடையது. மற்ற கம்பெனிப் பிரதிநிதிகள் சளிக்கும் காய்ச்சலுக்கும் பை நிறைய மருந்தோடு வந்து டாக்டர்களின் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். இவள் பையில் ஒரே ஒரு புட்டி. அந்த வியாதியை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்த்திராத டாக்டரிடமும் போய் உட்கார்ந்து, என்றைக்காவது வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். அவர்களும் மறக்கவில்லை. அவளை மறப்பது அவ்வளவு எளிதா?

இப்படியே போனால் போதும் என்றிருந்த நேரத்தில்தான் தலைநகரின் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. மருத்துவர் குழுவின் முன் வந்து விளக்குங்கள், சரிப்பட்டால் எங்கள் குழந்தைகள் எல்லோருக்கும் இதையே கொடுப்போம் என்றார்கள். ரேடியோ கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். குளிக்கும்போது பேசினாள். அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினாள். அவன் தூங்கிய பிறகும் பேசினாள். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, காலையில் எழுந்து வாயைத் திறந்தால், காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல தடிப்பு விழுந்திருக்கு. ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது."

துணைக்கு வந்திருந்த அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "டாக்டர், அதை ரெண்டு மாசமா எழுதிக் குடுக்க முடியுமா?"

ரேடியோ கையில் அகப்பட்ட பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வெளியே வந்து, அழுதாள். சத்தம் வராத அழுகை. அண்ணன் உடனே பயந்துபோய், அவளுக்கு எழுதிக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

கூட்டத்துக்கு அண்ணியும் அவளும் போனார்கள். முறை வரும்வரை புறநோயாளிகள் பகுதியில் உட்காரச் சொன்னார்கள். அண்ணி ஒரு மூலையில் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர், மடியில் மகள், காலடியில் தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒரு பெட்டி. ரேடியோ பெட்டியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான். அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐஸ் பெட்டிங்க. பாப்பாவோட மருந்து உள்ள இருக்கு. நல்ல மருந்து, குறை சொல்லக் கூடாது. மாத்திரையை நறுக்கற தொல்லை போச்சு. ஆனா ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமே. ஊரையெல்லாம் நான் பஸ்ல ஏத்திட்டுப் போறேன், எம் பொண்ணை எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்லை. ஃப்ரிட்ஜ் எங்கேயோ அங்கதான் நாங்க."

எதிரில் இருந்த ஒரு பெண், "என் தங்கச்சி கல்யாணத்துல ஐஸ் கரைஞ்சிடுச்சுன்னு பாதியில திரும்பி வந்தேன்" என்றாள். இன்னொருத்தி, மகனைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்பாததைச் சொன்னாள். வரிசையாகச் சொன்னார்கள், எல்லாம் அண்ணியின் திரவத்தைப் பற்றித்தான். ரேடியோ இதே மாதிரி இடங்களில் எத்தனையோ தடவை உட்கார்ந்து, எத்தனையோ அம்மாக்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறாள். ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. சொல்ல இவள் எங்கே இடம் விட்டாள்? நினைத்தபோது காது மடல்கள் சூடாயின. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது.

குழுவின் முன்னால் அண்ணி எழுந்து நின்றாள். தொண்டையைக் கனைத்தாள். இன்னொரு தடவை கனைத்தாள்.

"எனக்குப் பேச வராதுங்க. நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

கேட்டார்கள். சொன்னாள். சுருக்கமாக, நேராக. தெரியாததைத் தெரியாது என்றாள். குழுவின் தலைவியான மூத்த டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "உங்க நாத்தனார் வந்தா எங்களுக்குக் கேள்வி கேக்கவே இடம் கிடைக்காதேன்னு பயந்துட்டு இருந்தோம்." அறை முழுக்கச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது ரேடியோதான், சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"கடைசியா ஒண்ணு. இந்த மருந்துல குறைன்னு எதைச் சொல்வீங்க?"

அண்ணி யோசிப்பதற்குள் ரேடியோ பலகையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்துவிட்டாள். ஃப்ரிட்ஜ். தன் சரக்கின் குறையைத் தானே தூக்கிக் காட்டும் விற்பனைக்காரியை அந்த அறை அதுவரை பார்த்ததில்லை. அண்ணி பலகையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஆமா. அதான் குறை. அதுக்கு வழி பண்றோம்" என்றாள்.

டாக்டரம்மா திரவத்துக்குச் சம்மதித்தார். ஃப்ரிட்ஜ் வேண்டாத மருந்து தயாரானால் சோதித்துப் பார்க்கவும் ஆஸ்பத்திரி கூட நிற்கும் என்றார். படி இறங்கும்போது அண்ணி, "பலகையைத் தூக்கிட்டே. இப்ப அதைச் செய்யப் போறது யாரு?" என்றாள். ரேடியோ எழுதிக் காட்டினாள்: 'நீங்கதான்'.

அண்ணி செய்தாள். கடுகைவிடச் சிறிய மணிகளாக மருந்தை உருட்டி, கசப்பு நாக்கில் படாதபடி மேலே மெல்லிய பூச்சு கொடுத்து, ஒரு வேளை அளவைச் சிறு பொட்டலத்தில் அடைப்பது அவள் திட்டம். முதல் ஈடு புழுங்கல் அலமாரியில் ஒரே கட்டியாகிப் போனது. அடுத்ததில் பூச்சு வெடித்தது. பூச்சு தாங்குகிறதா என்று பார்க்க, மருந்துக்குப் பதில் கேடில்லாத ஒரு கசப்புப் பொடியை உள்ளே வைத்துத் தின்னக் கொடுத்தாள். தின்ன வேண்டியவன் அண்ணன்.

"அடிப்பாவிகளா! ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்கறீங்களா?" என்று குழாயடிக்கு ஓடுவான். மறுநாள் அவனே வந்து வாயைத் திறந்து நிற்பான்.

அதற்கிடையில் ரேடியோவின் மாதம் முடிந்தது. இனிமேல் அளவாகப் பேசலாம் என்றார் தொண்டை டாக்டர். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் நிதானமாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"அண்ணே, இந்த மாசம் முழுக்க நீ சொன்ன ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிருக்கேன். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வீடு ரொம்ப நாளாக வெறிச்சென்று இருந்ததாம். அண்ணியிடம் முன்பே சொல்லியிருக்கிறான்.

அண்ணன் முகம் சுளிக்காமல் ஒரு கரண்டி மணிகளைத் தின்று, "இன்னும் இருக்கா?" என்று கேட்ட அன்று மாடியே ஆர்ப்பரித்தது. பிறகு ஆஸ்பத்திரிச் சோதனை, அரசு அனுமதி, நீண்ட காத்திருப்பு. கடைசியில் பொட்டலங்கள் வெளியே போயின. பேர் தெரிந்த பெரிய கம்பெனி ஒன்று இவர்கள் கம்பெனியையே விலை பேச வந்தது. அண்ணி வேண்டாம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். ஏன் வேண்டாம் என்பதை ரேடியோ அவர்கள் விடைபெறும்வரை விளக்கினாள்.

கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல், ரேடியோவுக்குத் தொலைபேசி. பின்னணியில் ஒரே இரைச்சல்.

"அக்கா, நான்தான் பஸ் டிரைவர்! கடற்கரையில நிக்கறோம். பாப்பா தண்ணிய விட்டு வெளிய வர மாட்டேங்கறா. மருந்து நேரம் ஆச்சு, என் சட்டைப் பையிலதான் இருக்கு. எப்பவும் சோத்துல தூவித்தான் குடுப்போம், இன்னைக்குச் சோறு கொண்டாரலை. ஐஸ்கிரீம்ல தூவிக் குடுக்கலாமாக்கா?"

ரேடியோ தொலைபேசியைப் பொத்தாமலே மாடிக்குக் கத்தினாள். "அண்ணி! கடற்கரையில ஐஸ்கிரீம்ல போடலாமான்னு கேக்கறாங்க!"

அண்ணி கையுறையோடு மாடிப்படிவரை வந்து நின்றாள். "போடலாம். மெல்லக் கூடாது, அப்படியே முழுங்கணும்" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி வந்தாள். அவளாக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பது அபூர்வம்.

"அலை பெருசா இருக்கான்னு கேளு."